பழைய உட்கரு சொல்லிவிட்டுப் போகும் சேதி

குட்டைத் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்காடியில் வைத்துப் பார்த்தவர்களுக்குப் பாரமீசியம் பழைய நண்பன். செருப்பின் அடித்தோல் போன்ற வடிவம். உடல் முழுவதும் கண்ணிமை மயிரைப் போல நுண்ணிய இழைகள். அவற்றைத் துடுப்பாக வீசிக்கொண்டு, தன்னைத்தானே திருகிக்கொண்டு, ஏதோ அவசர அலுவல் இருப்பதைப் போல ஓடும். எதிரே எதிலாவது முட்டினால் பின்வாங்கும். சற்றே திரும்பி மறுபடியும் ஓடும். அந்த இழைகளுக்குக் குற்றிழைகள் என்று பெயர். அவற்றை உடைய ஓரணு உயிர்களைக் குற்றிழை உயிரிகள் என்பர்.

'ஓரணு உயிர், ஆகவே மிக எளிய உயிர்' என்று நாமும் பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறோம். படம் வரைந்து, பெரிய உட்கரு ஒன்று, சிறிய உட்கரு ஒன்று எனக் கோடிழுத்துப் பெயர் குறிக்கச் சொல்வோம். சரியாகக் குறித்தால் முழுப் புள்ளி. ஆனால் ஓர் உயிரணுவுக்கு இரண்டு வகை உட்கரு எதற்கு என்று எந்தப் பிள்ளையாவது எழுந்து கேட்டிருந்தால், நாம் திகைத்துத்தான் நின்றிருப்போம். இன்றைய உரை அந்தக் கேள்வியைப் பற்றியது. அதற்கு விடை தேடிப் போனவர்கள், பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வந்து சேருவது என்ன என்னும் இன்னும் பெரிய கேள்வியில் போய் நின்றார்கள்.

முதலில் இரண்டு உட்கருவின் வேலையையும் தெரிந்துகொள்வோம். உழவர் வீட்டில் விதைநெல் தனியாக இருக்கும். அதில் யாரும் கைவைப்பதில்லை. அன்றாடச் சமையலுக்கு அரிசி வேறு பானையில் இருக்கும். அது உமி நீக்கிக் கல் பொறுக்கிப் பயன்பாட்டுக்கு ஆயத்தமானது. பாரமீசியத்தின் சிற்றுட்கரு விதைநெல். பேருட்கரு அரிசிப்பானை. உண்பது, நகர்வது, வளர்வது ஆகிய அன்றாட வேலைகள் அனைத்துக்கும் கட்டளை பேருட்கருவிலிருந்தே வருகிறது. சிற்றுட்கருவோ பேசாமல் கிடக்கும். அடுத்த தலைமுறையை உண்டாக்கும் வேளையில்தான் அது விழித்தெழுகிறது.

உணவு நிறையக் கிடைக்கும் நாட்களில் பாரமீசியம் நடுவில் பிளந்து ஒன்று இரண்டாகும். உணவு தீர்ந்து பட்டினி வந்ததும் வேறொரு காரியம் நடக்கிறது. மனிதரிடையே வயிறு நிறைந்த பிறகுதான் திருமணப் பேச்சு எழும்; இவற்றுக்குப் பட்டினியே முகூர்த்தம். இரண்டு பாரமீசியங்கள் பக்கம் பக்கமாக ஒட்டிக்கொள்கின்றன. ஒவ்வொன்றின் விதை உட்கருவும் பிரிந்து பிரிந்து, கடைசியில் ஒரே மாதிரியான இரண்டு அரை உட்கருக்கள் எஞ்சுகின்றன. அவற்றுள் ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டு மற்றொன்றைத் துணைக்குக் கொடுத்துவிடுகிறது. அதுவும் அவ்வாறே கொடுக்கிறது. தன்னுடையதும் வந்ததும் சேர்ந்து முழு உட்கருவாகின்றன. பிறகு இரண்டும் விலகிப் போகின்றன.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 'க' என்பது தன் பாதியை வைத்துக்கொண்டு 'ச'வின் பாதியைப் பெற்றது. 'ச' தன் பாதியை வைத்துக்கொண்டு 'க'வின் பாதியைப் பெற்றது. ஆகவே விலகிப் போகும் இரண்டின் புதிய உட்கருவிலும் இருப்பவை அதே இரண்டு பாதிகள். எழுத்துக்கு எழுத்து வேறுபாடு இல்லை. இதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; கதையின் முடிச்சு இங்கேதான் விழுகிறது.

அடுத்து, பழைய பேருட்கரு துண்டு துண்டாக உடைந்து கரைந்துபோகும். பானையிலிருந்த பழைய அரிசியைக் கொட்டிவிட்டு, விதைநெல்லில் ஒரு பங்கை எடுத்துப் புதிதாகக் குத்தி அரிசியாக்குவது போல, புதிய விதை உட்கருவிலிருந்து புதிய பேருட்கரு உருவாகிறது. குத்தும்போது உமி போகவேண்டும் அல்லவா? நான்கு வகை எழுத்துகளால் எழுதிய நீண்ட ஏடு என்று டி.என்.ஏ.வைச் சொல்லலாம். பாரமீசிய வகை ஒன்றின் விதை ஏட்டில், பயன்படும் எழுத்துகளுக்கு இடையே ஏறத்தாழ 45,000 வேண்டாத துண்டுகள் செருகிக் கிடப்பதாகப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2012-இல் எண்ணிச் சொன்னார்கள். பல துண்டுகள் மரபணுக்களின் நடுவிலேயே கிடக்கின்றன. ஒவ்வொன்றையும் எழுத்துப் பிசகாமல் வெட்டியெடுத்து ஒட்டவேண்டும். ஓர் எழுத்துத் தவறினாலும் அந்த மரபணு பொருளற்றுப் போய்விடும். இவ்வளவையும் முடித்து, அந்த ஏட்டை ஏறத்தாழ 800 படிகள் எடுத்து அடுக்கிவைக்கிறது, கண்ணுக்கு ஒரு வெள்ளைப் புள்ளியாகக்கூடச் சரியாகத் தெரியாத அந்த உயிர். இதைத்தான் 'மிக எளிய உயிர்' என்று நாம் எழுதிப்போட்டோம்.

இனி முடிச்சுக்கு வருவோம். அமெரிக்காவில் டிரேசி சோன்பார்ன் என்று ஓர் அறிஞர் இருந்தார். 1905-இல் பிறந்து 1981-இல் மறைந்த அவர், வாழ்நாளின் பெரும்பகுதியைப் பாரமீசியத்துக்கே கொடுத்தவர். பாரமீசியங்களிலும் இணையக்கூடிய வகைகள் உண்டு, ஒரே வகையைச் சேர்ந்தவை தமக்குள் இணைவதில்லை என்பதை 1937-இல் அவர் கண்டறிந்தார். ஆண் பெண் என்று பெயரிட அவற்றில் உருவ வேறுபாடு எதுவும் இல்லை. ஆகவே எண் கொடுத்தார். நாம் இங்கே ஒற்றை வகை, இரட்டை வகை என்று சொல்லிக்கொள்வோம். பட்டினி கிடக்கும் ஒற்றைக் கூட்டத்தையும் இரட்டைக் கூட்டத்தையும் ஒரே கிண்ணத்தில் கலந்தால், உடனே கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும்.

ஒற்றையும் இரட்டையும் இணைந்து விலகிய பிறகு என்ன ஆகவேண்டும்? இரண்டின் உட்கருவும் இப்போது ஒன்றேதான். எனவே இரண்டின் வழித்தோன்றல்களும் ஒரே வகையாக இருக்கவேண்டும். ஆனால் அப்படி ஆகவில்லை. ஒற்றையாக வந்தது ஒற்றையாகவே போயிற்று. அதன் பிள்ளைகளும் ஒற்றை. இரட்டையாக வந்தது இரட்டையாகவே போயிற்று. ஒரே ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டும் வேறு வேறாகப் படித்தன.

இன்னொன்றையும் சோன்பார்ன் கவனித்தார். சில சமயம் இணைந்த இரண்டும் சரியாக விலகாமல், இடையே ஒரு சிறு பாலம் நெடுநேரம் நிலைத்துவிடும். அதன் வழியே உட்கருவைச் சூழ்ந்துள்ள உயிர்க்கூழ் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாயும். அப்படிப் பாய்ந்தால் ஒற்றையின் பிள்ளைகளும் இரட்டையாகிவிடும். ஆக, உட்கருவுக்கு வெளியே, அந்தக் கூழில் ஏதோ ஒன்று இருக்கிறது. அதுவும் பிள்ளைக்குச் சேருகிறது. அது என்ன?

இந்த இடத்தில் அவர் ஒருமுறை வழுக்கியதையும் சொல்லிவிடவேண்டும். தண்ணீரில் நஞ்சு கலந்து தன் இனத்தாரையே கொல்லும் பாரமீசியங்கள் சில உண்டு. அந்தக் குணமும் உயிர்க்கூழின் வழியாகவே பிள்ளைகளுக்குச் சென்றது. அதற்குக் காரணமான துகளுக்குக் காப்பா என்று பெயரிட்டு, உட்கருவுக்கு வெளியே வாழும் மரபணு இது என்று 1940-ஆம் ஆண்டுகளில் அவர் கருதினார். பின்னர் நல்ல நுண்ணோக்காடிகள் வந்து பார்த்தபோது, அது பாரமீசியத்தின் உள்ளே குடியிருக்கும் ஒரு பாக்டீரியம் என்று தெரிந்தது. 1974-இல் அதற்கு முறைப்படி பாக்டீரியப் பெயரும் சூட்டினார்கள். காப்பா இப்படி ஆனதும், உட்கருவுக்கு வெளியே மரபு என்ற பேச்சையே பலர் ஐயத்தோடு பார்த்தனர். நமக்கென்னவோ அது நியாயமாகப் படவில்லை. ஒரு கணக்கில் விடை தப்பினால் தாள் முழுவதையும் அடித்துவிடுவது ஆசிரியருக்கு அழகன்று.

ஒற்றை இரட்டைப் புதிருக்கு விடை 2014-இல் பாரிசிலிருந்து வந்தது. எரிக் மேயரின் ஆய்வகத்தார் அதைக் கண்டார்கள். சோன்பார்ன் இணைவகைகளைக் கண்டு 77 ஆண்டுகள் கடந்திருந்தன. அவர் மறைந்தே 33 ஆண்டுகள். விடையைப் புரிந்துகொள்ள, வேண்டாத துண்டு எது என்று அந்த உயிருக்கு எப்படித் தெரிகிறது என்பதைப் பார்க்கவேண்டும். இதன் முதல் குறிப்பு டெட்ராஹைமீனா என்னும் மற்றொரு குற்றிழை உயிரியில் கிடைத்தது. இந்தக் குட்டைவாசியை ஆராய்ந்ததால் 1989-இலும் 2009-இலும் இரண்டு நோபல் பரிசுகள் கிடைத்திருக்கின்றன என்பதைப் போகிற போக்கில் சொல்லிவைக்கிறோம். 2002-இல் அமெரிக்காவின் ரோச்சஸ்டர் பல்கலைக்கழகத்தார் அதை வைத்து ஒரு விளக்கம் தந்தார்கள். பாரமீசியத்திலும் நடப்பது ஏறக்குறைய அதுவே என்று பிறகு தெரிந்தது.

விளக்கம் இது. இணைவு தொடங்கியதும் விதை உட்கரு தன் ஏட்டை ஆர்.என்.ஏ. என்னும் பொருளில் படியெடுத்து, அப்படிகளைச் சிறு சிறு சீட்டுகளாக நறுக்குகிறது. வேண்டியது வேண்டாதது எல்லாவற்றுக்கும் சீட்டு உண்டு. இந்தச் சீட்டுகள் அனைத்தும், இன்னும் கரையாமல் இருக்கும் பழைய பேருட்கருவுக்குப் போகின்றன. அங்கே, காலையில் வகுப்பில் பெயர் கூப்பிடுவது போல ஒரு சரிபார்ப்பு நடக்கிறது. சீட்டில் உள்ள எழுத்துகள் பழைய பேருட்கருவிலும் இருந்தால் அந்தச் சீட்டு அங்கேயே நின்றுவிடும். பழைய பேருட்கருவில் இல்லாத துண்டுக்கு உரிய சீட்டு யாரிடமும் சிக்காமல் வெளியே வந்து, புதிதாக உருவாகும் பேருட்கருவுக்குள் போய்த் தன்னை ஒத்த துண்டின் மேல் உட்கார்ந்துகொள்ளும். 'இதை வெட்டு' என்பதற்கு அதுவே அடையாளம். சுருங்கச் சொன்னால், தாயிடம் இல்லாதது பிள்ளைக்கும் வேண்டாம் என்பதே விதி. செத்துக்கொண்டிருக்கும் பழைய உட்கரு, தன்னிடம் என்ன இருந்தது என்ற சேதியைப் புதியதற்குச் சொல்லிவிட்டுப் போகிறது.

இப்போது புதிர் அவிழ்கிறது. இரட்டை வகையின் உடல்மேல் ஒரு புரதம் இருக்கிறது. இணைவதற்கான அடையாளம் அதுதான். அதை உண்டாக்கும் மரபணுவின் தொடக்கத்தில், விளக்கை ஏற்றும் விசையைப் போன்ற ஒரு சிறு துண்டு உண்டு. ஒற்றை வகையின் பேருட்கருவில் அந்தத் துண்டு வெட்டப்பட்டிருக்கிறது. விசை இல்லாததால் விளக்கு எரிவதில்லை. விதை உட்கருவிலோ இரண்டு வகைக்கும் அது குறைவின்றி இருக்கிறது. ஒற்றையின் பழைய பேருட்கருவில் அத்துண்டு இல்லை. எனவே அதன் சீட்டு தப்பிப் போய்ப் புதியதிலும் வெட்டச் சொல்கிறது. இரட்டையின் பழைய பேருட்கருவில் அது இருக்கிறது. எனவே சீட்டு தடுக்கப்படுகிறது, துண்டு தங்குகிறது. இணைந்தவற்றுக்கு இடையே பாலம் நிலைத்தபோது இரட்டையின் கூழோடு 'இது எங்களிடம் இருக்கிறது' என்ற சேதியும் பாய்ந்தது. ஒற்றையின் பிள்ளைகள் இரட்டையானதற்குக் காரணம் அதுதான். சோன்பார்ன் கண்ணால் கண்டது அத்தனையும் சரி. காரணம் தெரிய வேண்டிய கருவி மட்டும் அவர் காலத்தில் இல்லை.

இவ்வளவு பாடு எதற்கு, விதை ஏட்டிலேயே அந்தக் குப்பையை ஒழித்துவிட்டால் ஆகாதா என்று கேட்கத் தோன்றும். குப்பை வந்த வழி அப்படிப்பட்டது. டி.என்.ஏ.வுக்குள் இடம்விட்டு இடம் தாவும் துண்டுகள் உண்டு. மக்காச்சோளத்தில் அவற்றை முதன்முதலில் கண்ட பார்பரா மெக்ளின்டாக் அம்மையாருக்கு 1983-இல் நோபல் பரிசு கிடைத்தது. தாவும் துண்டுகள் எங்கே வேண்டுமானாலும் நுழையும். நுழைந்த இடத்திலுள்ள மரபணுவைக் கெடுக்கும். பாரமீசியத்தின் வேண்டாத துண்டுகள் பல, முன்னொரு காலத்தில் அப்படித் தாவி வந்தவற்றின் எச்சங்கள். சீட்டுச் சரிபார்ப்பும் இந்தத் திருடரைப் பிடிப்பதற்காக ஏற்பட்ட காவல்தான். இதில் சுவையான செய்தி, வெட்டும் வேலையைச் செய்யும் நொதி. அதுவும் தாவும் துண்டு ஒன்று தன் தாவலுக்காக வைத்திருந்த கருவியிலிருந்தே வந்தது என்று 2009-இல் கண்டார்கள். திருடனுடைய கன்னக்கோலைப் பிடுங்கி வீட்டுக்காரர் தோட்ட வேலைக்கு வைத்துக்கொண்டது போல.

பாரமீசியத்தையும் மிஞ்சிய உறவினன் ஒன்று உண்டு. அதன் பெயர் ஆக்சிட்ரிக்கா. தொடக்கப் பள்ளித் தேர்வில், முறைமாறிக் கிடக்கும் சொற்களை ஒழுங்குபடுத்தி வாக்கியமாக்குக என்று கேட்பார்கள் அல்லவா? அந்தக் கேள்வியைத்தான் ஆக்சிட்ரிக்கா தன் ஒவ்வொரு தலைமுறையிலும் எழுதித் தேறவேண்டியிருக்கிறது. அதன் விதை உட்கருவில், மரபணுக்களின் இடையே குப்பை இருப்பதோடு, துண்டுகளே இடம் மாறிக் கிடக்கின்றன. 1989-இல் கொலராடோ பல்கலைக்கழகத்து டேவிட் பிரெஸ்காட்டும் அவர் குழுவினரும் ஒரு மரபணுவை எடுத்துப் பார்த்தார்கள். ஒன்பது துண்டுகள். பென்சில் கையில் இருப்பவர்கள் எழுதிக்கொள்ளலாம்: 3, 4, 6, 5, 7, 9, 2, 1, 8. இதில் 2-ஆம் துண்டு தலைகீழாக வேறு இருந்தது. பேருட்கருவிலோ ஒன்று முதல் ஒன்பது வரை ஒழுங்காக நின்றன.

2014-இல் லாரா லேண்ட்வெபரின் ஆய்வகத்தார் ஆக்சிட்ரிக்காவின் விதை உட்கரு முழுவதையும் படித்து வெளியிட்டார்கள். ஏறத்தாழ 50 கோடி எழுத்துகள். அவற்றுள் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெட்டி எறியப்படுகிறது. எஞ்சுவதோ 2,25,000-க்கு மேற்பட்ட துண்டுகள். இவற்றைப் பொறுக்கிச் சேர்த்து, ஏறத்தாழ 16,000 மிகச் சிறிய குரோமோசோம்கள் கட்டப்படுகின்றன. பெரும்பாலானவற்றில் ஒரே ஒரு மரபணுதான் இருக்கும்.

எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு என்பது எப்படித் தெரிகிறது? இங்கே தமிழருக்கு நன்கு பழக்கமான ஓர் உத்தி இருக்கிறது. அந்தாதி! ஒரு பாடலின் இறுதிச் சொல் அடுத்த பாடலின் முதற்சொல்லாக வருவது போல, ஒரு துண்டின் இறுதி எழுத்துகளே அதற்கு அடுத்து வரவேண்டிய துண்டின் தொடக்கத்திலும் இருக்கின்றன. ஏடு கலைந்துபோனாலும் அந்தாதிப் பாடல்களை நம்மால் வரிசைப்படுத்திவிட முடியும். ஆனால் இந்த அந்தாதியில் பொதுவாக வரும் எழுத்துகள் சில சமயம் மிகக் குறைவு, இரண்டு மூன்றுகூட இருக்கும். அவ்வளவு சிறிய தொடர்ச்சி ஏட்டில் ஆயிரம் இடங்களில் தற்செயலாக வந்துவிடும். அதை மட்டும் நம்பி வரிசைப்படுத்த முடியாது.

ஆகவே இங்கேயும் பழைய உட்கரு உதவிக்கு வருகிறது. கரைவதற்கு முன்பு அது தன் ஒழுங்கான மரபணுக்களை முழு நீள ஆர்.என்.ஏ.யாகப் படியெடுத்து வைக்கிறது. அது தேர்வில் கூடவே கொடுத்த மாதிரி விடை போன்றது. புதிய உட்கரு அதைப் பார்த்து அடுக்குகிறது. இதை எப்படி உறுதிசெய்தார்கள்? 2008-இல், ஆய்வாளர்கள் தாமே செயற்கையாக ஒரு மாதிரி விடை தயாரித்தார்கள். வேண்டுமென்றே துண்டுகளின் வரிசையை மாற்றிவைத்து, இணைந்திருக்கும் உயிர்களுக்குள் மெல்லிய ஊசியால் செலுத்தினார்கள். அந்தத் தவறான வரிசையிலேயே டி.என்.ஏ. கட்டப்பட்டது. 2012-இல் இன்னொரு சோதனை செய்தார்கள். வழக்கமாக வெட்டப்படும் ஒரு துண்டுக்கு உரிய சிறு சீட்டுகளைச் செய்து செலுத்தினார்கள். அத்துண்டு வெட்டப்படாமல் தங்கிற்று. பின் வந்த தலைமுறைக்கும் அப்படியே போயிற்று. ஆக்சிட்ரிக்காவில் சீட்டுக்குப் பொருள் 'இதை வை' என்பதாம். பாரமீசியத்தில் அதே சீட்டு 'இதை வெட்டு' என்று சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்பத்தார் இருவர் ஒரே சொல்லை நேர் எதிர்ப் பொருளில் வழங்குகிறார்கள்.

எழுத்தும் இல்லாமல், சீட்டும் இல்லாமல், வெறும் அமைப்பே பிள்ளைக்குச் சேர்ந்த செய்தி ஒன்றும் உண்டு. 1965-இல் ஜானின் பெய்சோன் என்ற பிரெஞ்சு அம்மையாரும் சோன்பார்னும் சேர்ந்து அதை வெளியிட்டார்கள். பாரமீசியத்தின் குற்றிழைகள் வரிசை வரிசையாக, ஒரே பக்கம் பார்த்து நிற்பவை. அவற்றுள் ஒரு வரிசை எப்படியோ திசை மாறி எதிர்ப்பக்கம் பார்த்து நின்றுவிட்டால், அந்த உயிரின் பிள்ளைகளுக்கும் அதே வரிசை திரும்பியே நின்றது. நூற்றுக்கணக்கான தலைமுறை போயும் மாறவில்லை. டி.என்.ஏ.வில் ஓர் எழுத்தும் மாறியிருக்கவில்லை. அத்தாப்புக் கூரை வேய்வதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். முன் வைத்த ஓலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ, அதை ஒட்டித்தான் அடுத்த ஓலை படியும். புதிய குற்றிழையும் பழைய குற்றிழையின் பக்கத்தில், அதன் திசை பார்த்தே முளைக்கிறது.

இதெல்லாம் குட்டைக்குள் நடக்கும் கதை, நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். எழுத்து மாறாமல் குணம் மாறுவது நம் நாட்டுச் செம்பனைத் தோட்டத்திலேயே நடந்து, பெரும் பண இழப்பை உண்டாக்கியிருக்கிறது. நல்ல விளைச்சல் தரும் ஒரு மரத்தின் திசுவைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்து, அதே மரத்தின் படிகளாக ஆயிரக்கணக்கான கன்றுகளை உண்டாக்கும் முறை செம்பனையில் உண்டு. தாய் மரத்தின் டி.என்.ஏ. எழுத்துகள் கன்றுகளுக்கும் இருக்கும். ஆனால் அவற்றுள் சில, வளர்ந்து காய்த்தபோது, பழங்கள் உருக்குலைந்து, எண்ணெய் குறைந்து, குலையே உருப்படாமல் போயின. 1980-ஆம் ஆண்டுகளில் இது வெளிப்பட்டது. கன்று பார்வைக்கு நன்றாகவே இருக்கும். காய்க்கும் வரை யாருக்கும் தெரியாது. உரம் போட்டுக் களையெடுத்த சில ஆண்டு உழைப்பு வீணாகும்.

காரணத்தை 2015-இல் மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் ஆய்வாளர்கள், அமெரிக்க ஆய்வாளரோடு சேர்ந்து கண்டுபிடித்தார்கள். பூவை உருவாக்கும் ஒரு மரபணுவின் உள்ளே, தாவும் துண்டு ஒன்று படுத்துக்கிடக்கிறது. அதன் மேல் மீத்தைல் என்னும் வேதிப்பொருள் பூட்டுப் போட்டதைப் போல ஒட்டியிருக்கும்வரை தொல்லை இல்லை. திசு வளர்ப்பின்போது சில கன்றுகளில் இந்தப் பூட்டு கழன்றுவிடுகிறது. மரபணு பிசகுகிறது; பழம் கெடுகிறது. எழுத்து மாறவில்லை, எழுத்தின் மேலிருந்த அடையாளமே போயிற்று. அந்தத் தாவும் துண்டுக்கு அறிவியலார் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? கர்மா! பூட்டோடு இருப்பதை நல்ல கர்மா என்றும், பூட்டு இழந்ததைக் கெட்ட கர்மா என்றும் அவர்கள் எழுதுகிறார்கள். நாம் இட்டுக்கட்டியதன்று. இப்போது இலையில் சிறு துண்டு கிள்ளிச் சோதித்தாலே, எந்தக் கன்று கெடும் என்று நடுவதற்கு முன்பே சொல்ல வழி பிறந்திருக்கிறது.

செம்பனையில் நடப்பது பூட்டு. பாரமீசியத்தில் நடப்பது வெட்டு. இரண்டையும் ஒன்றென்று குழப்பிக்கொள்ளலாகாது. அதேபோல, இதைக் கேட்டுவிட்டு, பெற்றோர் கற்றதும் பட்டதும் எல்லாம் பிள்ளையின் இரத்தத்தில் இறங்கிவிடும் என்று முடிவு கட்டுவோரும் உண்டு. நாம் அவ்வளவு தூரம் போகமாட்டோம். பாரமீசியத்தில் விதைநெல்லும் அரிசிப்பானையும் ஒரே அறையில் இருக்கின்றன. ஒன்று பேசுவது மற்றொன்றுக்குக் கேட்கிறது. மனித உடலில் கையும் காலும் மூளையும் ஓரிடம். அடுத்த தலைமுறைக்கான உயிரணுக்கள் வேறிடம். அதுவுமன்றி, கரு உருவாகும் வேளையில் மேலே ஒட்டிய அடையாளங்களில் பெரும்பகுதி துடைக்கப்பட்டுவிடுகிறது. வாய்ப்பாடு தெரிந்த தந்தையின் மகனும் வாய்ப்பாட்டை உட்கார்ந்து படிக்கத்தான் வேண்டும். ஆசிரியர் வேலையை இதுவரை எந்த ஆர்.என்.ஏ.யும் ஏற்றுக்கொள்ளவில்லை.

பள்ளியில் நுண்ணோக்காடி வைத்திருக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. காய்ந்த லாலான் புல்லை நறுக்கிக் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். இரண்டொரு நாள் கழித்து, பாசி படிந்த குட்டையிலிருந்து ஒரு கோப்பை தண்ணீரை அதில் ஊற்றி நிழலில் வையுங்கள். ஒரு வாரத்தில் பாரமீசியம் பெருகியிருக்க வாய்ப்பு உண்டு. நிறையப் பெருகியபின் புதுப் புல் சேர்க்காமல் பட்டினி போட்டால், நல்வாய்ப்பு இருந்தால், இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு நீந்தும் இணைகள் கண்ணில் படும். பிளந்துகொண்டிருப்பவை முன்பின்னாக நிற்கும், இணைந்தவை பக்கம் பக்கமாக நிற்கும். பிள்ளைகள் இரண்டையும் மாற்றிச் சொல்லிவிடுவார்கள். விளக்கொளியை நெடுநேரம் படவிடாதீர்கள். தகட்டிலுள்ள தண்ணீர் வற்றிவிடும், அவை செத்துவிடும்.